சாராவின் கல்லும் பாட்டு நோட்டுகளும்

சேந்தமங்கலம் என்றால் நமக்கு இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். ஒன்று கொல்லிமலை அடிவாரத்தில், நாமக்கல் மாவட்டத்தில் இருப்பது. இன்னொன்று காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் இராசராசனைச் சிறைவைத்த ஊர். இந்தக் கட்டுரை மூன்றாவது சேந்தமங்கலத்தைப் பற்றியது. அது கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்கன் பரவூருக்குப் பக்கத்தில், பெரியாற்றின் கிளைகளும் காயலும் சூழ்ந்த சிற்றூர். கைத்தறி வேட்டிக்கும் முண்டுக்கும் பெயர்போனது. கொச்சி அரசர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்மாரின் மாளிகை அங்கேதான் இருக்கிறது. 1950கள் வரை அந்த ஊரில் யூதர்களும் வாழ்ந்தார்கள்.

இன்று அங்கே யூதர் எவரும் இல்லை. அவர்களின் வழிபாட்டுக் கட்டடம் மட்டும் இருக்கிறது. மலையாளத்தில் அதை ஜூதப்பள்ளி என்பார்கள். தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் யூதர்களின் ஆலயத்துக்கும் அந்த மொழியில் 'பள்ளி' என்ற ஒரே சொல்தான். பாழடைந்து கிடந்த அந்தப் பள்ளியைக் கேரள அரசு சீரமைத்தது. 2006இல் அது அருங்காட்சியகமானது.

பள்ளியின் முன்னால் எபிரேய எழுத்துகள் வெட்டிய ஒரு கல் நிற்கிறது. அது ஒரு கல்லறைக் கல். அதிலுள்ள ஆண்டைக் கணக்கிட்டால் 1269 வருகிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். கல் இந்த ஊரிலேயே வெட்டப்பட்டதல்ல, கொடுங்கல்லூரிலிருந்து யூதர்கள் இங்கே வந்தபோது தங்களோடு கொண்டுவந்தது என்பது அவர்களுடைய வழக்கு. கோப்பெருஞ்சிங்கன் தன் சேந்தமங்கலத்திலிருந்து ஆட்சி செய்துகொண்டிருந்த அதே காலத்தில் இந்தச் சேந்தமங்கலத்துக் கல்லில் பெயர் பெற்றவர் அரசரல்ல, வணிகரல்ல, மதகுருவுமல்ல. அவர் சாரா, இஸ்ரயேல் என்பவரின் மகள்.

பெண்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு கல் கிடைப்பது அரிது. ஆனால் கல்லை வணங்கிவிட்டுத் திரும்ப முடியாது. அது நமக்கு என்ன சொல்கிறது? ஒரு பெயர், தந்தையின் பெயர், ஓர் ஆண்டு. அவர் எத்தனை வயதில் இறந்தார், என்ன வேலை செய்தார், அவரைப் பெற்றவள் யார் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. நம் விண்ணப்பப் படிவங்களில் வரும் 'த/பெ' போலத்தான் எபிரேயப் பெயர் மரபும்: மகளைத் தந்தையின் பெயரோடு சேர்த்துச் சொல்லும், தாயைச் சொல்லாது. சாராவின் பெயர் நிலைத்தது. சாராவின் தாய் அந்தக் கல்லிலேயே காணாமல் போனாள்.

இந்தக் கல்லுக்கும் முன்னால் ஒரு செப்பேடு இருக்கிறது. கேரள யூதர்களைப் பற்றி யார் எழுதினாலும் அதில்தான் தொடங்குவார்கள். பொ.ஆ. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு வழங்கியது அது. இன்று மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜூதப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது; தமிழிலிருந்து மலையாளம் முழுதாகப் பிரிந்திராத காலத்து மொழியில் எழுதப்பட்டது. எனவே கொஞ்சம் முயன்றால் நமக்குப் புரியும். அஞ்சுவண்ணம் என்ற உரிமையோடு பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என எழுபத்திரண்டு சிறப்புகள் அவனுக்குக் கிடைக்கின்றன. சுங்கமும் எடைக்கூலியும் அவன் கட்ட வேண்டியதில்லை.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த எழுபத்திரண்டோடு நின்றுவிடும். நான் வகுப்பில் மாணவிகளோடு இந்தச் செப்பேட்டைப் படிக்கும்போது அடுத்த வரியில்தான் அதிக நேரம் நிற்போம். இந்த உரிமைகள் ஜோசப் ரப்பானுக்குப் பிறகு யாருக்குப் போகும் என்று சொல்லும் வரி அது. ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்கு, மருமக்களுக்கு, பெண்மக்களை மணந்தவர்களுக்கு என்று அது அடுக்குகிறது. மருமக்கள் என்பது இங்கே உடன்பிறந்தவளின் பிள்ளைகளைக் குறிப்பதாக ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆக, ஒரு வணிகனின் சொத்தும் பெருமையும் அவனைச் சுற்றியிருந்த பெண்கள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதை அரசனின் ஆணையே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் அந்த மகள்களில் ஒருத்தியின் பெயரைக்கூட அது சொல்லவில்லை. ஆணையில் பெண்களுக்கு உரிமை இருக்கிறது, பெயர் இல்லை. கல்லில் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, கதை இல்லை. கதை இருப்பது வேறோர் இடத்தில். அங்கே போவதற்கு முன் சேந்தமங்கலத்துப் பள்ளிக்குள் ஒருமுறை போய்வர வேண்டும்.

ஓட்டுக்கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் கேரளத்து வீடு ஒன்றின் சாயல். உள்ளே வேலைப்பாடு மிகுந்த மரப்பேழை. தோராச் சுருள்கள் இருந்த இடம். நடுக்கூடத்தில் ஒரு வாசிப்பு மேடை. கேரளத்து ஜூதப்பள்ளிகளுக்கே உரிய ஓர் அமைப்பு மாடியில் இருக்கிறது: அங்கே இன்னொரு வாசிப்பு மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோராவை மேலே இருந்துதான் வாசிப்பார்கள். அந்த மேடைக்குப் பின்னால் மரச்சட்டத் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் பெண்களின் பகுதி.

பெண்களை ஆண்களிடமிருந்து பிரித்து மாடியில் உட்காரவைப்பது பல நாட்டு யூத ஆலயங்களில் உள்ள வழக்கம்தான். இங்கே அந்தப் பிரிவினை இல்லை என்று சொல்லவே முடியாது. தடுப்பு இருந்தது, தனிப்படி இருந்தது, வாசித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. ஆனால் வாசிப்பு நடந்த இடம் பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. கீழே நின்ற ஆண்கள் அண்ணாந்து கேட்டதைப் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார்கள். கேட்டது மட்டுமல்ல, அவர்களால் தொடர்ந்து வாசிக்கவும் முடிந்தது. கேரள யூதக் குடும்பங்களில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் எபிரேய எழுத்தைக் கற்றார்கள். எபிரேய வழிபாட்டுப் பாடல்களைப் பண்டிகை நாட்களில் ஆண்களோடு சேர்ந்து பாடினார்கள். பெண்ணின் குரலை ஆண்கள் கேட்கலாகாது என்ற விதியை இறுகப் பிடித்த யூதச் சமூகங்கள் உலகில் பல உண்டு. கேரளத்தில் பெண்கள் ஆண்கள் கூடியிருந்த இடத்திலும் பாடினார்கள். அவர்கள் பாடாமல் கல்யாணம் நடக்காது.

அவர்கள் தமக்கென்று பாடியவை எபிரேயத்தில் அல்ல, மலையாளத்தில் இருந்தன. கொச்சி, எர்ணாகுளம், பரவூர், மாள, சேந்தமங்கலம் என்று யூதர்கள் வாழ்ந்த ஊர்களில் எல்லாம் பெண்களிடம் பாட்டு நோட்டுகள் இருந்தன. மலையாள எழுத்தில் கையால் எழுதியவை. தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதிக்கொள்வாள், நாத்தனாரின் நோட்டைப் பார்த்து அண்ணி எழுதிக்கொள்வாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவள் பிறந்த ஊரின் பாட்டுகளைக் கொண்டுபோய்ப் புகுந்த ஊரின் பாட்டுகளோடு சேர்ப்பாள். இப்படிச் சேர்ந்தவற்றுள் முந்நூறுக்கு நெருக்கமான பாட்டுகளை ஆய்வாளர்கள் இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

என்னென்ன பாட்டுகள்? ஆதாம், ஏவாள், யோசேப்பு, எஸ்தர் போன்ற வேதாகமக் கதைகள். மணப்பெண்ணை அலங்கரிக்கும்போது, மாப்பிள்ளையை வரவேற்கும்போது, விருந்தின்போது பாட வேண்டிய கல்யாணப் பாட்டுகள். கிளியை விளித்துப் பாடுபவை. கடவுளைத் தம்பிரான் என்று அழைத்து வாழ்த்து வேண்டுபவை. மணமகளின் கழுத்தில் தாலி ஏறுகிற வழக்கம் இந்த யூதர்களிடமும் இருந்தது. அவர்களின் கல்யாணம் எந்த மண்ணில் நடந்ததென்று அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே தெரியும்.

வரலாறு படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய வகை ஒன்று உண்டு: ஜூதப்பள்ளிகள் எழுப்பப்பட்ட கதையைச் சொல்லும் பாட்டுகள். யார் மரம் கொடுத்தது, எந்த அரசனிடம் அனுமதி பெற்றது, எப்படிக் கட்டி முடித்தது என்று தம் பள்ளியின் கதையைப் பெண்கள் பாட்டாக்கி வைத்திருந்தார்கள். முன்னோர்கள் எங்கிருந்து எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்பவையும் உண்டு. ஒரு சமூகத்தின் ஊர்வரலாறு ஆண்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லை. சமையலறைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் இடையே கைமாறிய நோட்டுகளிலும் இருந்தது. அதைப் பாதுகாக்க யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, ஆவணக் காப்பாளர் என்று பட்டமும் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்களின் நினைவு என்பதாலேயே அது எல்லாப் பெண்களின் நினைவாகிவிடாது. கேரள யூதர்களுக்குள் பிளவுகள் இருந்தன. பழைய மலபார் யூதர்கள் ஒரு பக்கம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்காசியப் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்த பரதேசிகள் மறுபக்கம். வெள்ளையர் என்று அழைக்கப்பட்ட பரதேசிகள் 1568இல் மட்டாஞ்சேரியில் தமக்கென்று தனிப்பள்ளி கட்டிக்கொண்டார்கள். அவர்களின் கீழ் மூன்றாவதாக ஒரு பிரிவினர்: விடுவிக்கப்பட்ட அடிமைகள், அவர்களின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். பரதேசிப் பள்ளிக்குள் இவர்களுக்குச் சம இடம் கிடையாது. பரதேசிகளோடு மணவுறவும் கிடையாது.

யார் தூய யூதர், யார் அடிமையின் வாரிசு என்ற சண்டை பதினாறாம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்னு ஸிம்ராவிடம் தீர்ப்புக்காகப் போயிருக்கிறது. யூதச் சட்டப்படி பிள்ளையின் நிலையைத் தீர்மானிப்பவள் தாய். கேட்பதற்குப் பெண்ணுக்குப் பெருமை போலத் தோன்றும். ஆனால் அடிமைப்பெண்ணைப் பொறுத்தவரை அதன் பொருள் வேறு. எஜமானன் அவளுக்குப் பிள்ளை கொடுத்தாலும் அந்தப் பிள்ளை எஜமானனின் குலமாகாது. தாயின் அடிமை நிலை பிள்ளையைத் தொடரும். எனவே ஒரு குடும்பத்தை மட்டம் தட்ட விரும்பியவர்கள் தேடிப்போனது அந்தக் குடும்பத்தின் ஏதோ ஒரு பாட்டியைத்தான். தாய்வழி என்ற சொல்லைக் கொண்டாடும் நாம் சாதியும் நிறமும் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தப் பாட்டிகள் ஒருவருக்கும் சாராவுக்குக் கிடைத்ததுபோல ஒரு கல் கிடைக்கவில்லை.

கல் கிடைக்காதவர்களின் பக்கத்திலிருந்து ஒரு புத்தகம் கிடைத்தது. மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் இந்த முத்திரையின் சுமையை அனுபவித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். 1951இல் இஸ்ரேல் சென்று ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், வாழ்ந்தார். அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து அவர் எழுதிய நினைவுக்குறிப்பு 1995இல் வெளிவந்தது. கொச்சி யூதப் பெண் ஒருவர் வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். தன் குடும்பத்தின்மேல் ஒட்டப்பட்ட பெயரை அதில் அவர் மறுத்து வாதாடுகிறார். கூடவே பேய்க்கதைகள், பண்டிகைச் சமையல், பாட்டுகள் எல்லாம் எழுதுகிறார். மலையாளப் பெண்பாட்டுகள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. மட்டாஞ்சேரியின் பிரிவினையை எதிர்த்துக் காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ரூபி டேனியலையும் வைத்துப் படித்தால்தான் அந்தப் போராட்டம் வீட்டுக்குள் எப்படி வலித்தது என்று தெரியும்.

இனி மறுபடி சேந்தமங்கலம். சுற்றுலாக் கையேடுகளில் இந்த ஊரைப் பற்றி ஒரு வரி தவறாமல் வரும்: கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஜூதப்பள்ளி நான்கும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன என்பது. உண்மைதான். ஐரோப்பாவில் யூதர்கள் துரத்தப்பட்டும் கொல்லப்பட்டும் வந்த நூற்றாண்டுகளில் இங்கே அரசர்களும் அமைச்சர்களும் அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள், பள்ளி கட்டவிட்டார்கள். இது சிறிய விஷயமல்ல. அண்டை அயலாரின் நட்பும் பொய்யல்ல. மட்டாஞ்சேரியில் பின்னல் வேலைக் கடை வைத்திருந்த சாரா கோஹன், தம் சமூகத்தார் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்ட பிறகும் அங்கேயே இருந்து, 2019இல் 96 வயதில் இறந்தார். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டதும் கடையை நடத்திக்கொடுத்ததும் ஓர் இஸ்லாமியக் குடும்பம். சேந்தமங்கலத்துக் கல்லின் சாராவுக்கும் இந்தச் சாராவுக்கும் நடுவே 750 ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தில் இந்தக் கரையில் யூதப் பெண்ணாக வாழ முடிந்தது என்பதற்கு இருவரும் சாட்சி.

ஆனால் அதே சேந்தமங்கலத்தில், பாலியம் மாளிகைக்கு முன்னால் ஓடும் சாலையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடை நாடு விடுதலை அடைந்த பிறகும் இருந்தது. அதை எதிர்த்து 1947 டிசம்பரில் தொடங்கிய பாலியம் சத்தியாகிரகம் 97 நாள் நடந்தது. காவல்துறையின் தடியடியில் ஏ. ஜி. வேலாயுதன் உயிரிழந்தார். அந்தர்ஜனங்கள் என்று வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்ட நம்பூதிரிப் பெண்களிலிருந்து வெளியே வந்த ஆர்யா பள்ளம் போன்றவர்களும் அந்தப் போராட்டத்தில் நின்றார்கள். நான்கு மதங்களுக்கு இடம் கொடுத்த ஊர், தன் மண்ணிலேயே பிறந்து உழைத்த மக்களுக்கு ஒரு சாலையைக் கொடுக்க மறுத்தது. அந்நியரை வரவேற்பதும் அடிமட்டத்தவரை அழுத்துவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு செயல்கள். 'மத நல்லிணக்க ஊர்' என்ற பலகைக்குக் கீழே இதையும் எழுதாத வரலாறு பாதி வரலாறுதான்.

சத்தியாகிரகம் முடிந்த சில ஆண்டுகளில் யூதர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் விரட்டவில்லை. எருசலேமுக்குத் திரும்புவது என்பது தலைமுறைகளாகச் சொல்லிவந்த பிரார்த்தனை. இருபதாம் நூற்றாண்டில் அதைப் பற்றி மலையாளத்தில் புதுப்பாட்டுகளும் பிறந்திருந்தன. ஆனால் போவது எளிதாக இல்லை. கேரளக் கரையில் யானைக்கால் நோய் பரவலாக இருந்ததால் இஸ்ரேலிய அதிகாரிகள் இவர்களை ஏற்கத் தயங்கினார்கள். சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் மருத்துவச் சோதனையின் பெயரால் மேலும் காத்திருந்தன. 1953க்கும் 1955க்கும் இடையில்தான் சுமார் 2,400 கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் போய்ச்சேர்ந்தார்கள். நெவாத்திம், மெசிலத் சியோன், தாவோஸ் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த பெண்கள் நெகேவின் வறண்ட நிலத்திலும் எருசலேம் மலைச்சரிவிலும் கோழி வளர்த்தார்கள், தோட்டம் போட்டார்கள்.

தோராச் சுருள்கள் பயபக்தியோடு பயணம் செய்தன. பெண்களின் பாட்டு நோட்டுகளும் துணிமணிகளோடு போயின. ஆனால் போன இடத்தில் பிள்ளைகள் எபிரேயத்தில் பேசினார்கள், எபிரேயத்தில் படித்தார்கள். மலையாளம் அம்மாவின் மொழி, அடுக்களையின் மொழி, பழைய நாட்டின் மொழி ஆயிற்று. பாட்டு நோட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கல்யாணங்களில் அந்தப் பாட்டுகள் ஒலிப்பதும் குறைந்தது.

1970களில் பார்பரா ஜான்சனும் ஷெர்லி ஐசன்பெர்க்கும் கேரளத்திலிருந்து பி. எம். ஜூசேயும் நோட்டுகளைத் தேடி, படியெடுத்து, வயதான பெண்களைப் பாடச்சொல்லிப் பதிவு செய்தார்கள். பின்னர் மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா ஸக்கறியாவும் இஸ்ரேலிய ஆய்வாளர் ஒஃபிரா கம்லியேலும் அவற்றை எபிரேய மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்கள். 2005இல் எருசலேமில் வெளியான அந்தத் தொகுப்பின் பெயர் கார்குழலி. தமிழ் தெரிந்த எவளுக்கும் அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு ஒலித்தட்டு ஒன்றும் வந்தது. இஸ்ரேலில் வாழும் கேரள யூதப் பெண்கள் நடுவயதிலும் முதுமையிலும் மறுபடி கூடிப் பாடத் தொடங்கினார்கள்.

இந்த மீட்பை நான் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நோட்டு கிடைத்தாலும் ஒரு பாட்டை எந்தச் சடங்கின் எந்தக் கட்டத்தில் யார் தொடங்க வேண்டும், எங்கே குலவை, எங்கே சிரிப்பு என்பதெல்லாம் தாளில் இராது. அவை பாடியவர்களின் உடம்பில் இருந்தவை. ஆனாலும் ஒரு கேள்வியை இந்த நோட்டுகள் நம் முன்னால் வைக்கின்றன. செப்பேட்டை ஆயிரம் ஆண்டு பாதுகாக்க ஒரு சமூகமே பொறுப்பேற்றது. அதன் நகல்கூட அரசுப் பரிசாக நாடு விட்டு நாடு போகிறது. பாட்டு நோட்டுகளைப் பாதுகாத்தவர்கள் அவற்றை எழுதிய பெண்கள் மட்டுமே. எதை ஆவணம் என்றும் எதைப் பொழுதுபோக்கு என்றும் பிரிக்கிறோம் என்பதில்தான் யார் வரலாற்றில் இருப்பார்கள் என்பது முடிவாகிறது.

மாணவிகள் ஊர்வரலாறு எழுத வரும்போது முதலில் கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அதோடு வீட்டுப் பரணில் இருக்கும் பழைய நோட்டுகளையும் கேளுங்கள் என்கிறேன் நான். நலங்குப் பாட்டு எழுதியவை, ஒப்பாரி எழுதியவை, கோலம் போட்டுவைத்தவை, சீட்டுக் கணக்கும் பிரசவ மருந்தும் ஒரே பக்கத்தில் இருப்பவை. எழுதியவரின் பெயரை முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். முடிந்தால் அவருடைய தாயின் பெயரையும். அந்த நோட்டைத் தொடக்கூட வாய்ப்பில்லாமல் அதே வீட்டில் வேலை செய்த பெண் யார் என்றும் விசாரியுங்கள். அவளுடைய பாட்டு வேறு எங்காவது, வேறு யாருடைய வாயிலாவது இருக்கும்.